அடையாற்றுப் பேழையும் ஆராய வந்த இளைஞரும்

(துவாரகாவில் நடைபெற்ற ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

"இவ்வாண்டு இலக்கியச் சொற்பொழிவுகள் நிறைய இருக்கின்றன, நீங்கள் அறிவியல் தொடர்பாக ஏதேனும் பேசுங்கள், ஆனால் சிறுவர்கள் உறங்கிவிடக் கூடாது" என்று விழாக் குழுவினர் எனக்குக் கட்டளையிட்டனர். இவ்விரண்டு நிபந்தனைகளுக்கும் உட்பட்ட பொருள் ஒன்றுதான் எனக்குத் தோன்றிற்று. அது பேய். அச்சொல்லைக் கேட்டதும் முன்வரிசைப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவதைக் காண்கிறேன். ஆனால் நான் பேய்க்கதை சொல்ல வரவில்லை. பேயையும் ஆவியையும் தராசும் அளவுகோலும் கொண்டு சோதித்துப் பார்க்கப் புறப்பட்ட சிலருடைய கதையைச் சொல்லவே வந்திருக்கிறேன். விக்டோரியா மகாராணி ஆண்ட காலத்தில் இங்கிலாந்தில் தொடங்கிய அக்கதையின் சுவையான பகுதி ஒன்று நம் சென்னை அடையாற்றங்கரையில் நடந்தது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

அமெரிக்காவில் 1848-ஆம் ஆண்டு ஃபாக்ஸ் என்னும் குடும்பத்துச் சிறுமியர், தம் வீட்டில் ஆவிகள் தட்டும் ஓசையால் விடை கூறுகின்றன என்றனர். அவ்வளவுதான், சில ஆண்டுகளுக்குள் அட்லாண்டிக் கடலைத் தாண்டி அவ்வழக்கம் இலண்டனுக்கு வந்துவிட்டது. மாலை நேரத்தில் கனவான்களும் சீமாட்டிகளும் ஒரு வட்ட மேசையைச் சுற்றி அமர்ந்து, அதன்மேல் கைகளை வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். சிறிது நேரத்தில் மேசை மெல்ல நகரும். சில வேளை சுழலும். யாரும் தள்ளவில்லை என்று ஒவ்வொருவரும் ஆணையிட்டுக் கூறுவர். நம் ஊர்க் கோடாங்கிக்கு உடுக்கை; அவர்களுக்கு மேசை!

இதனை முதலில் முறையாகச் சோதித்தவர் மைக்கேல் ஃபாரடே. மின்னியலின் தந்தையருள் ஒருவராகிய அவர், 1853-இல் மிக எளிய கருவி ஒன்றைச் செய்தார். அட்டைத் துண்டுகள் சிலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடையிடையே மென்மையான பசை உருண்டைகளை வைத்தார். அடியட்டையை மேசையோடு பொருத்தினார். பங்கு கொள்வோரின் கை மேலட்டையின்மீது இருக்கும். மேசை தானாக நகர்ந்தால் அடியட்டை முன்னே செல்ல வேண்டும். மேலட்டை பின்தங்க வேண்டும். கை தள்ளினால் மேலட்டை முன்னே செல்லும். நடந்தது என்ன? மேலட்டைதான் முந்திச் சென்றிருந்தது. பின்னர் ஓர் இலேசான துரும்பை முள்ளாக வைத்து, கை பக்கவாட்டில் தள்ளினால் அது சாயும்படி அமைத்தார். அம்முள்ளை அனைவரும் பார்த்துக்கொண்டிருந்தபோது மேசை அசையவே இல்லை. ஃபாரடே எவரையும் பொய்யர் என்று கூறவில்லை. அவர்கள் நேர்மையாளர்களே; ஆயினும் தம் கை தள்ளுவதைத் தாமே அறியாதிருந்தனர் என்பதே அவர் கண்ட முடிவு.

தில்லியில் நெடுங்காலம் வாழ்ந்தவர்களுக்கு 1995-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள் நினைவிருக்கும். பிள்ளையார் பால் அருந்துகிறார் என்ற செய்தி இந்நகரத்திலிருந்து புறப்பட்டு ஒரே நாளில் நாடெங்கும், கடல் கடந்தும் பரவிற்று. பால் வாங்கக் கிடைக்கவில்லை. அப்போது மைய அரசின் அறிவியல் துறையினர் பாலில் சாயம் கலந்து கரண்டியில் ஏந்தினர். பரப்பு இழுவிசையால் பால் மெல்லிய படலமாகச் சிலையின்மீது வழிந்து இறங்குவதைச் சாயம் காட்டிக் கொடுத்தது. ஃபாரடேயின் துரும்பு செய்த வேலையை இங்கே சாயம் செய்தது. இதனால் பிள்ளையாருக்கும் குறைவில்லை, பக்தருக்கும் குறைவில்லை என்பது என் கருத்து.

ஃபாரடேக்குப் பின் எல்லாரும் அவரளவு வெற்றி பெறவில்லை. தாலியம் என்னும் தனிமத்தை 1861-இல் கண்டுபிடித்த வில்லியம் குரூக்ஸ், பின்னர் ஹோம் என்ற ஆவியூடகரைச் சுருள்வில் தராசு வைத்துச் சோதித்துவிட்டு, புதியதொரு விசை உண்டு என்று 1871-இல் எழுதினார். அரச கழகத்தார் ஏற்கவில்லை. பெரிய விஞ்ஞானி என்பதனாலேயே ஒருவர் ஏமாறாதவர் ஆகிவிடுவதில்லை. இயற்கைப் பொருள்கள் விஞ்ஞானியை ஏமாற்ற முயல்வதில்லை, மனிதர் முயல்வர். அதற்கு வேறு வகைப் பயிற்சி வேண்டும். இந்நிலையில் 1882-இல் இலண்டனில் உளவியல் நிகழ்வுகளை ஆராய ஒரு கழகம் தோன்றிற்று. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து அறநூல் அறிஞர் ஹென்றி சிட்ஜ்விக் அதன் முதல் தலைவர். நம்பவும் மாட்டோம், நகைக்கவும் மாட்டோம், ஆராய்வோம் என்பது அவர்கள் கொள்கை.

இனிச் சென்னைக்கு வருவோம். உருசிய நாட்டுப் பெண்மணியாகிய பிளாவட்ஸ்கி அம்மையாரும் அமெரிக்கராகிய கர்னல் ஆல்காட்டும் 1875-இல் நியூயார்க்கில் பிரம்மஞான சங்கத்தைத் தோற்றுவித்து, 1879-இல் பம்பாய்க்கு வந்தனர். இமயத்துக்கு அப்பால் வாழும் மகாத்மாக்கள் தம்மை வழிநடத்துகின்றனர் என்றும், அவர்கள் எழுதும் கடிதங்கள் வானிலிருந்து விழுவது போல் வந்து சேர்கின்றன என்றும் அம்மையார் கூறினார். காந்தியடிகள் மகாத்மா ஆவதற்கு முன்னரே, 1880-களின் சென்னையில் மகாத்மா என்றால் இவர்கள்தாம் பலருக்கு நினைவு வருவர்.

இவ்விடத்தில் சிம்லாவில் நிகழ்ந்த ஒன்றைக் கூற வேண்டும். அலகாபாத்துப் 'பயனீர்' ஏட்டின் ஆசிரியர் சின்னெட், 1880-இல் அருமையான சோதனை ஒன்றைக் கேட்டார். இலண்டன் 'டைம்ஸ்' ஏடு வெளியான அன்றே அதன் படி ஒன்று சிம்லாவில் தம் கைக்கு வரட்டும். உலகம் நம்பிவிடும் என்றார். கப்பலில் வாரக்கணக்காகப் பயணம் செய்ய வேண்டிய காலம் அது. எவராலும் மறுக்க முடியாத சோதனை. மகாத்மாவின் விடை கடிதமாக வந்தது: உலகம் இன்னும் அதற்குப் பக்குவப்படவில்லையாம். அதனாலேயே அச்சோதனை நடத்தப்படவில்லை. பத்திரிகை வரவில்லை, பத்திரிகை ஏன் வராது என்னும் நீண்ட விளக்கம் மட்டும் வந்தது. சின்னெட் அதன் பின்னும் நம்பினார் என்பதுதான் வியப்பு.

சங்கத்தார் 1882-ஆம் ஆண்டு இறுதியில் அடையாற்றின் தென்கரையில் ஹட்டில்ஸ்டன் தோட்டம் என்ற மாளிகையில் குடியேறினர். கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது அங்குள்ள பெரிய ஆலமரத்தைக் காட்டப் பிள்ளைகளை அழைத்துச் சென்றிருப்பீர்கள். அதன் அடிமரம் 1989-இல் காற்றில் சாய்ந்துவிட்டது; விழுதுகள் நிற்கின்றன. அம்மாளிகையின் மாடியில், அம்மையாரின் படுக்கையறையை அடுத்த அறையில், சுவரோடு சேர்த்து ஒரு மரப்பேழை தொங்கவிடப்பட்டிருந்தது. உள்ளே மகாத்மாக்களின் உருவப்படங்களும் ஒரு வெள்ளிக் கிண்ணமும் இருந்தன. கேள்வி எழுதிப் பேழைக்குள் வைத்துக் கதவை மூடுவர்; சிறிது நேரம் கழித்துத் திறந்தால் விடை இருக்கும்.

1883 ஆகஸ்டில் உதகமண்டலத்துத் தளபதி மார்கன் அங்கு வந்தார். அப்போது அம்மையார் ஊரில் இல்லை. வீட்டு மேலாள் கூலோம் அம்மாள் பேழையின் கதவைத் திறந்தாள். உள்ளே சாய்ந்திருந்த பீங்கான் தட்டு ஒன்று விழுந்து நொறுங்கிற்று. துண்டுகளைத் துணியில் கட்டிப் பேழைக்குள் வைத்து மூடினர். சில நிமிடங்களில் திறந்தபோது தட்டு முழுதாக இருந்தது. மகாத்மாவின் ஓலையும் உடன் இருந்தது! தளபதி மனம் நெகிழ்ந்து நம்பினார்.

இக்கூலோம் அம்மாளும் அவள் கணவரும்தாம் பின்னர்ப் புயலைக் கிளப்பியவர்கள். கணவர் தச்சு வேலை அறிந்தவர். 1884-இல் பிளாவட்ஸ்கி அம்மையாரும் ஆல்காட்டும் ஐரோப்பா சென்றிருந்தபோது, இவ்விருவரும் மே மாதம் சங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டனர். செப்டம்பரில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் இதழ், அம்மையார் கூலோம் அம்மாளுக்கு எழுதியவை என்று சில கடிதங்களை வெளியிட்டது. அற்புதங்களை எவ்வாறு அரங்கேற்ற வேண்டும் என்னும் குறிப்புகள் அவற்றில் இருந்தன. அவை போலி என்றார் அம்மையார்.

நகரம் இரண்டுபட்டது. அம்மையார் டிசம்பரில் திரும்பியபோது, அதே கிறித்தவக் கல்லூரியின் மாணவர்கள் நூற்றுக்கணக்கானோர் கையொப்பமிட்டு அவருக்கு வரவேற்பிதழ் அளித்தனர். இதனை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுதல் எளிது; நான் அவ்வாறு செய்ய விரும்பவில்லை. வகுப்பறையில் தம் முன்னோர் அறிவெல்லாம் இருள் என்று கேட்டுக்கேட்டு மனம் நொந்த இளைஞர்கள் அவர்கள். வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் மேடையேறி, உங்கள் சாத்திரங்களில் ஒளி உண்டு என்றார். அவர்கள் கைதட்டியது பேழைக்கு அன்று. கடிதங்களை வெளியிட்ட பாதிரிமாருக்கும் உண்மை ஒன்றே நோக்கம் என்று சொல்வதற்கில்லை. நம் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ராமசாமி ஐயர் என்பவர் 1882-இல் சிக்கிம் நாட்டுக்குத் தனியே நடந்து, அங்கே குதிரைமேல் வந்த மகாத்மாவை நேரில் கண்டு பேசியதாக எழுதியிருந்தார். அரசாங்க உத்தியோகஸ்தர், படித்தவர். அவரைப் பொய்யர் என எவரும் எளிதில் கூறிவிட இயலவில்லை.

இந்தக் கொந்தளிப்பின் நடுவே, 1884 டிசம்பரில், சென்னையில் வந்து இறங்கினார் ரிச்சர்டு ஹாட்ஜ்சன். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்தவர், சட்டம் பயின்றவர், சிட்ஜ்விக்கின் மாணவர், வயது 29. இலண்டன் கழகம் அனுப்பிற்று, செலவு சிட்ஜ்விக்கினுடையது. மூன்று மாதங்கள் நம் நாட்டில் தங்கி ஒவ்வொரு சாட்சியையும் வினவினார், சுவர்களை அளந்தார், வரைபடம் எழுதினார்.

ஆனால் அவர் முதன்மையாகக் காண வந்த பொருள் அங்கே இல்லை. அவர் வருவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே பேழையைச் சங்கத்தார் சிலர் எரித்துவிட்டனர்! நடந்ததை அவருக்குக் கூறியவர் சங்கத்து அன்பராகிய டாக்டர் ஹார்ட்மன் என்ற ஜெர்மானியரே. பழிச்சொல் எழுந்தபின் பேழையைச் சுவரிலிருந்து இறக்கினார்களாம். அடியார் ஒருவர், "பாருங்கள், பின்பலகை எவ்வளவு உறுதி!" என்று கையால் ஓங்கித் தட்டினார். தட்டியதும் நடுப்பலகை மேலே எழும்பித் திறந்துகொண்டது. அன்பர்கள் திகைத்து நின்றனர். அதன்பின் பேழை நெருப்புக்கு இரையாயிற்று.

பேழைக்குப் பின்னாலிருந்த சுவரில் துளை இருந்தது என்பதை இருசாராரும் ஒப்புக்கொண்டனர். எப்போது உண்டாக்கப்பட்டது என்பதே வழக்கு. அற்புதங்கள் நிகழ்ந்த காலத்திலேயே இருந்தது என்றனர் கூலோம் தம்பதியர். எசமானி கடல் கடந்திருந்தபோது பழி சுமத்துவதற்காகத் தச்சர் புதிதாகக் குடைந்தது, வேலைகூட முடியவில்லை என்றனர் சங்கத்தார். எரிந்த மரம் சாட்சி சொல்லாது.

தட்டின் வரலாறு அவ்வாறன்று. ஹாட்ஜ்சன் சென்னைக் கடைவீதிக்குச் சென்று விசாரித்தார். ஒரு கடைக்காரரின் கணக்கில் விடை கிடைத்தது. தளபதி வருவதற்கு முந்திய மாதம், கூலோம் அம்மாள் பெயரில் அதே வகைத் தட்டுகள் இரண்டு விற்கப்பட்டிருந்தன. ஒன்று உடைவதற்கு, மற்றொன்று 'ஒட்டிக்கொள்வதற்கு'. தராசும் வேண்டியிருக்கவில்லை, மின்கருவியும் வேண்டியிருக்கவில்லை. ஆவியுலக ஆராய்ச்சி முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த சான்று இக்கடைக் கணக்குத்தான்.

கழகத்தின் அறிக்கை 1885 டிசம்பரில் சுமார் இருநூறு பக்கங்களில் வெளிவந்தது. அற்புதங்கள் அனைத்தும் ஏமாற்று. கடிதங்கள் பெரும்பாலும் அம்மையாரே எழுதியவை. வரலாறு நினைவில் வைக்கத்தக்க திறமை வாய்ந்த வஞ்சகர் அவர் என்பது தீர்ப்பு. அம்மையார் அதற்கு முன்பே, மார்ச்சு இறுதியில், நோயுற்ற நிலையில் சென்னையை விட்டுச் சென்றார். பிறகு இந்தியாவுக்குத் திரும்பவே இல்லை. அவருடைய அன்புச் சீடராகிய தாமோதர் என்ற மராட்டிய இளைஞர், ஹாட்ஜ்சன் இந்தியாவில் இருந்தபோதே, பிப்ரவரியில் திபெத்தை நோக்கிப் புறப்பட்டார். அவரும் திரும்பவில்லை. அவரையும் ஏமாற்றுக்காரர் என்று நினைக்க என் மனம் இடங்கொடுக்கவில்லை. ஏமாற்றுகிறவர் பனிமலைக்குள் நடந்து போகமாட்டார்.

அறிக்கையை இன்று படிப்பவர்க்குச் சில இடங்கள் நெருடும். அம்மையார் இவ்வளவு பாடுபட்டது எதற்காக என்ற வினாவுக்கு ஹாட்ஜ்சன் கண்ட விடை, அவர் உருசிய நாட்டு ஒற்றர் என்பது. சான்று ஏதுமில்லை, ஆப்கானிய எல்லையில் உருசியரை எண்ணி ஆங்கிலேயர் அஞ்சிக்கொண்டிருந்த ஆண்டு அது, அவ்வச்சம் ஆராய்ச்சிக்குள் நுழைந்துவிட்டது. கையெழுத்துத் திறனாய்வாளர் முதலில் கடிதங்கள் அம்மையாருடையவை அல்ல என்று கூறி, மேலும் சில படிகளைக் கண்டபின் கருத்தை மாற்றிக்கொண்டார். மறு ஆண்டே பெர்லின் நகரத்து நிபுணர் ஒருவர் அவருடையவை அல்ல என்று எழுதினார். குற்றஞ்சாட்டிய கடிதங்களை அம்மையாரிடம் காட்டி விளக்கம் கேட்கவே இல்லை என்பது சங்கத்தாரின் நெடுநாள் குறை. இந்தியச் சீடர்களின் வாக்குமூலங்களை ஹாட்ஜ்சன் பொதுவாகவே ஐயத்தோடு நோக்கினார். வேலையிழந்து மனக்கசப்புற்ற கூலோம் அம்மாளின் சொல்லுக்கோ பல இடங்களில் எடை தந்தார். கடைக் கணக்கை நான் ஏற்கிறேன். ஒற்றர் கதையை ஏற்கமாட்டேன். ஒரே ஏட்டில் இரண்டும் இருக்கின்றன என்பதற்காக இரண்டையும் விழுங்கவோ இரண்டையும் உமிழவோ வேண்டியதில்லை அன்றோ?

இலண்டன் திரும்பிய ஹாட்ஜ்சன் செய்த அடுத்த வேலைதான் அறிவியல் நோக்கில் மிகப் பெரியது என்பேன். இந்தியாவில் செப்பிடு வித்தைக்காரன் ஒருவனுடைய ஆட்டத்தை அவர் பார்த்திருந்தார். கூட்டத்திலிருந்த ஆங்கில அதிகாரி ஒருவர், வித்தைக்காரன் நாணயத்தைத் தொடவே இல்லை என்று பின்னர் அடித்துக் கூறினார். அவன் தொட்டதை ஹாட்ஜ்சன் தம் கண்ணால் கண்டிருந்தார். அதிகாரி பொய் சொல்லவில்லை. அந்த ஒரு கணம் அவர் நினைவிலிருந்து நழுவிவிட்டது. அங்கே எழுந்த எண்ணத்தை ஹாட்ஜ்சன் டேவி என்னும் இளைஞரோடு சேர்ந்து சோதித்தார். டேவி சிலேட்டில் ஆவி எழுதுவது போன்ற தந்திரங்களைக் கற்று, தந்திரம் என்று சொல்லாமலே பலர் முன்னிலையில் செய்து காட்டுவார்; பார்த்தவர்கள் வீடு சென்று நடந்ததை எழுதி அனுப்ப வேண்டும். 1887-இல் அவை அச்சில் வந்தன. சிலேட்டு எங்கள் பார்வையை விட்டு அகலவில்லை என்று எழுதியிருந்தனர்; அகன்றிருந்தது. முன் நிகழ்ந்ததைப் பின்னும், பின் நிகழ்ந்ததை முன்னும் எழுதினர், நிகழாததையும் சேர்த்தனர். எல்லாரும் கண்ணியம் மிக்கவர். டார்வினோடு ஒப்ப இயற்கைத் தேர்வுக் கொள்கையைக் கண்ட வாலஸ் பெருமகனார், இவை எல்லாம் தந்திரமே என ஒவ்வொன்றையும் விளக்கினாலன்றி டேவியும் ஓர் ஆவியூடகர் என்றே கொள்ள வேண்டும் என எழுதினார்!

நேரில் கண்டேன் என்பார் சொல்லை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை முறையாகச் சோதித்த முன்னோடி முயற்சிகளுள் இதுவும் ஒன்று. 2001-ஆம் ஆண்டு மே மாதம் தில்லியின் கிழக்குப் பகுதிகளைக் கலக்கிய 'குரங்கு மனிதனை' மறந்திருக்க மாட்டீர்கள். கண்டவர் பலர், தலைக்கவசம் என்றார் ஒருவர், இரும்பு நகம் என்றார் மற்றொருவர். அஞ்சி மாடியிலிருந்து குதித்து உயிரிழந்தவர்களும் உண்டு. காவல் துறையினரும் மனநல வல்லுநர்களும் ஆராய்ந்து, அப்படியோர் உருவம் இல்லை என முடித்தனர். இன்று கைப்பேசியில் நாள்தோறும் வந்து விழும் 'நேரில் கண்ட' செய்திகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இக்கூட்டத்திலேயே இரண்டு மூன்று வந்து விழுந்திருக்கும்.

ஹாட்ஜ்சன் பின்னர் என்ன ஆனார்? 1887-இல் அமெரிக்கக் கழகத்தின் செயலாளராகப் பாஸ்டன் சென்றார். அங்கே லியோனோரா பைப்பர் என்ற அம்மையார், மயக்க நிலையில் இறந்தவர்களின் செய்திகளைக் கூறி வந்தார். அடையாற்றை ஆராய்ந்தவர் சும்மா இருப்பாரா? துப்பறிவோரை அமர்த்தி அம்மையாரைப் பின்தொடரச் செய்தார். ஒன்றும் அகப்படவில்லை. 1892-இல் அவருடைய நண்பர் ஜார்ஜ் பெல்லூ என்பவர் விபத்தில் இறந்தார். சில வாரங்களில் அந்நண்பர் பெயரால் பைப்பர் அம்மையாரிடமிருந்து செய்திகள் வரத் தொடங்கின. 1898-இல் ஹாட்ஜ்சன் தம் முடிவை அறிவித்தார்: இறந்தவர் உயிரோடு இருக்கின்றனர், அவர்கள்தாம் பேசுகின்றனர்.

அவர் புதிதாகக் கண்டது உண்மையா, அன்றி நண்பரை இழந்த துயரம் கண்ணை மறைத்ததா? அடையாற்றில் அவர் எவர் எவரை எள்ளினாரோ, அவர்கள் இருந்த இடத்திலே இப்போது அவர் வந்து அமர்ந்துவிட்டார் என்று எண்ணத் தோன்றுகிறது. ஆனால் தளபதி மார்கன் போல் ஐந்து நிமிடத்தில் நம்பியவர் அல்லர் அவர்; பத்தாண்டுக்கு மேல் ஆராய்ந்தவர்.

நூறாண்டுக்குப் பின்பு, 1986-இல், அதே இலண்டன் கழகத்தின் இதழில் வெர்னன் ஹாரிசன் என்ற கையெழுத்து வல்லுநர், ஹாட்ஜ்சன் அறிக்கை ஒருதலைச் சார்பானது, அதன் வழக்கு மெய்ப்பிக்கப்படவில்லை என்று எழுதினார். தான் அனுப்பிய ஆளின் அறிக்கையைத் தன் இதழிலேயே மறுத்து வெளியிட்ட அக்கழகத்தை நான் மதிக்கிறேன். சின்னெட்டுக்கு வந்த மகாத்மாக் கடிதங்கள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. யாரும் சென்று பார்க்கலாம். கூலோம் அம்மாள் காட்டிய மூலக் கடிதங்களோ எங்கே போயின என்று தெரியவில்லை.

ஹாட்ஜ்சன் 1905 டிசம்பரில், ஐம்பதாம் வயதில், பந்தாடிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பால் இறந்தார். எட்டு நாட்களுக்குள் பைப்பர் அம்மையாரின் கை, ஹாட்ஜ்சன் பேசுகிறேன் என்று எழுதிற்று. அச்செய்திகளை ஆராயும் பொறுப்பு அவருடைய நண்பரும் பெரும் தத்துவ அறிஞருமாகிய வில்லியம் ஜேம்ஸிடம் வந்தது. நண்பரின் பேச்சுநடை, வேடிக்கை, இரகசியங்கள் ஒவ்வொன்றையும் அவர் மூன்றாண்டுகளுக்கு மேல் நிறுத்துப் பார்த்தார். 1909-இல் நீண்டதோர் அறிக்கை எழுதினார். பேசியது ஹாட்ஜ்சன்தான் என்றும் அவரால் உறுதி கூற இயலவில்லை. அன்று என்றும் இயலவில்லை.